இரைத்தொட்டி

முதல் தொட்டியில் விட்ட நாற்பது இறாலும் ஒன்றரை மணி நேரத்தில் செத்துப் போயின. அது ஒரு பழைய ஐஸ் பெட்டி. இறால்கள் மூலைக்கு மூலை ஒதுங்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மூச்சடைத்துக் கிடந்தன. இரண்டாவது தொட்டியை ஜெனித் இருபது லிட்டர் பெயிண்ட் பக்கெட்டில் செய்தான். வட்டமான பாத்திரத்தில் ஒதுங்க மூலை இல்லை, சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். முக்கால் உயரத்தில் ஓட்டை போட்டுக் குழாய் மாட்டி, மிஞ்சுகிற தண்ணீர் வழிந்து போக வழி வைத்தான். கலர் மீன் தொட்டியில் குமிழ் விடும் சின்ன மோட்டாரை பேட்டரியில் இணைத்தான். அதில் இரண்டரை மணி நேரம் தாங்கின.

"இன்னாடா, இதுங்களும் பூடுச்சா?" என்று உள்ளே கட்டிலில் இருந்து ராயப்பன் கேட்டார்.

ஜெனித் குனிந்து, செத்த இறால்களைப் பிளாஸ்டிக் கவரில் அள்ளிக்கொண்டிருந்தான்.

"ஹேச்சரில லட்சம் லட்சமா இறால் வளக்குறானாம். வூட்டுல நாப்பது இறால உசுரோட வச்சிக்கத் துப்பில்ல. பிரின்சி, கொழம்பு வையம்மா. உன் புருசன் வேட்டையாடிக்கினு வந்துகிறான்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், மருமகள் ஓடிப்போய் முதுகைத் தடவ வேண்டியதாயிற்று. வானூர்ப் பக்கம் கல் உடைக்கும் கிரஷரில் இருபத்தேழு வருஷம் வேலை செய்தவர். நுரையீரல் முழுக்கக் கல்தூள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூக்கில் எப்போதும் குழாய் இருந்தது. குழாயின் மறுமுனையில், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மிஷின் கட்டிலுக்குப் பக்கத்தில் உறுமிக்கொண்டே இருக்கும். அது கரண்டில் ஓடுவது. மாதம் ஒரு சனிக்கிழமை பராமரிப்பு வேலை என்று திண்டிவனத்தில் காலை ஒன்பதிலிருந்து சாயந்திரம் ஐந்து வரை கரண்ட்டை நிறுத்துவார்கள். அந்த ஒரு நாளுக்காகத்தான் அறையின் மூலையில் இடுப்புயர ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று நின்றது. நிரப்பி வைத்தால் பன்னிரண்டு மணி நேரம் வரும். எப்போதும் ஜெனித்தே திறந்துவிடுவான். தீர்ந்தால் அதை பைக்கில் கட்டி விழுப்புரத்துக்கு எடுத்துப்போய் நிரப்பி வருவான்.

ஜெனித்துக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு கொடுவா மீன். புதுச்சேரியில் ஒரு ரிசார்ட்டில் கழித்துப் போட்ட கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகு ஒன்றை வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மரக்காணம் முகத்துவாரத்தில் ஞாயிறு தோறும் பிளாஸ்டிக் மீனைத் தூண்டிலில் கட்டி எறிந்து எறிந்து தோள்தான் வலித்தது. கூட வரும் அலெக்ஸ், உயிர் இறாலைக் கொக்கியில் மாட்டி ஒன்பது கிலோ கொடுவா பிடித்த போட்டோவை வேலை செய்யும் இடத்தில் எல்லோருக்கும் காட்டினான். "மச்சான், உன் ரப்பர் மீனப் பாத்தா கொடுவாவுக்கே சிரிப்பு வருது" என்றான். அது கூடப் பரவாயில்லை. பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது, சக்கர நாற்காலியில் இருந்தபடி ராயப்பன் ஊரைக் கூப்பிட்டுச் சொன்னார்: "என் மவன் படகு வாங்கிகிறான். பாத் டப்பு மாதிரி கீது. உள்ள உக்காந்து காலு கழுவிக்கினு வரான்."

ஜெனித் பிறந்ததிலிருந்து அப்படித்தான். பத்தாவதில் அவன் எடுத்த மார்க்கை டீக்கடையில் உரக்க வாசித்துக் காட்டியவர் அவர். கல்யாணத்தன்று பெண்வீட்டாரிடம், "தைரியமா குடுக்குறீங்க" என்றவர்.

உயிர் இறால் விடியற்காலையில் எங்கும் கிடைக்காது. முதல் நாள் சாயந்திரம், கழுவெளி உப்பங்கழித் தண்ணீரில் கையால் தடவிப் பிடிக்கும் பெண்களிடம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ராத்திரி முழுக்க வீட்டில் உயிரோடு இருக்க வேண்டும், காலையில் தண்ணீர் மேல் நாலு மணி நேரம் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் வெறும் காற்றுக் குமிழ் போதாது. அவன் வேலை செய்யும் ஹேச்சரியில், பொரித்த இறால் குஞ்சுகளை ஆந்திராவுக்கு அனுப்பும்போது பாலிதீன் பைக்குள் கால்பங்கு தண்ணீரும் முக்கால் பங்கு ஆக்சிஜனும் அடைத்துக் கட்டுவார்கள். இரண்டு நாள் தாங்கும். அந்தக் கட்டுகளைப் பத்து வருஷமாகக் கட்டியவன் அவன்.

மூன்றாவது தொட்டி அப்படித்தான் பிறந்தது. ஒரு கார் டயரின் உள் டியூபை ஆக்சிஜனால் நிரப்பினான். அதிலிருந்து குளுக்கோஸ் ஏற்றும் குழாய் ஒன்றை இழுத்து, நுனியில் குமிழ்க் கல்லை மாட்டி, பக்கெட்டின் அடியில் போட்டான். குழாயில் ஏற்கெனவே இருந்த சின்ன உருளையைத் திருகினால் குமிழ் கூடும், குறையும். டியூபை கயாக்கில் இருக்கைக்குப் பின்னால் வைத்து, நடுவில் பக்கெட்டை இறக்கினால் அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. ராத்திரியில் டியூப் வேண்டாம். நேராகச் சிலிண்டரிலிருந்தே குழாய்.

முதல் முறை அவன் சிலிண்டரைத் திறந்தபோது ராயப்பன் விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

"என்னுத எடுக்கிறியா?"

"கொஞ்சம்பா. நிரப்பி வச்சிடறேன்."

"எடு, எடு. எனக்கு மூச்சு குடுத்து உனக்கு இன்னா லாபம்? அதுங்களுக்குக் குடு. அப்பறம் மூஞ்சில கொக்கியக் குத்திக் கொல்லு. நல்ல மனசுடா உனக்கு."

அன்று நாற்பது இறாலில் முப்பத்தெட்டு காலையில் உயிரோடு இருந்தன. மீசை நீட்டி, கண்ணாடி போல, பக்கெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தன. ஜெனித் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஞாயிறு மீன் சிக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஒன்று கடித்து அறுத்துக்கொண்டு போனது. சிலிண்டரின் முள் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு வந்திருந்தது.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை, பிரின்சி போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, சனிக்கிழமை கரண்ட் இல்லியாம். ஒம்போதுலேர்ந்து அஞ்சு. சிலிண்டர் இருக்குதா பாத்துடுங்க."

"இருக்குது."

"முள்ளு செவப்புகிட்ட கீற மாரி இருந்துச்சு."

"எனக்குத் தெரியாதா? நாளைக்கு விழுப்புரம் போவேன்."

வெள்ளிக்கிழமை அவன் விழுப்புரம் போகவில்லை. சனிக்கிழமை அமாவாசை. அமாவாசைப் பெருக்கில் முகத்துவாரத்துக்குக் கொடுவா ஏறும் என்று அலெக்ஸ் சொல்லியிருந்தான். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, சாயந்திரம் அறுபது இறால் வாங்கி வந்தான். ராத்திரி முழுக்கக் குமிழ் ஓடியது. விடியுமுன் டியூபை நிரப்பும்போது, அளவு காட்டும் கண்ணாடிக் குழலுக்குள் மிதக்கிற குண்டு மெல்ல இறங்கி, அடியில் உட்கார்ந்தது. டியூப் முக்கால்தான் உப்பியிருந்தது. முள் பூஜ்யத்தில் இருந்தது. வால்வுச் சாவியைத் திருப்பி மூடினான். மிஷின் உறுமிக்கொண்டிருந்தது, அப்பா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

எட்டு மணிக்குக் கரை ஏறிவிட வேண்டும் என்று கணக்குப் போட்டான். ஒன்பதுக்கு வீட்டில் இருந்தால் ஆட்டோ வைத்து அப்பாவை ஆஸ்பத்திரியில் ஒரு பகல் வைத்துக்கொள்ளலாம். பிரின்சியை எழுப்பி இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் தீர்ந்தது என்று கேட்பாள்.

எட்டு மணிக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எட்டரைக்கு அலெக்ஸின் தூண்டிலில் ஒரு மீன் அடித்தது. "மச்சான், வந்துடுச்சி! ஒக்காரு, எங்கியும் போவாத!" என்று அலெக்ஸ் கத்தினான். ஜெனித் பக்கெட்டுக்குள் கைவிட்டு, இருப்பதிலேயே துடிப்பான இறாலை எடுத்தான். தலைக்கொம்புக்குக் கீழே, மூளையைத் தொடாமல், கொக்கியை நுழைத்தான். அப்படி மாட்டினால் வெகுநேரம் சாகாது.

ஒன்பது பத்துக்குப் போன் அடித்தது. தண்ணீர் படாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மார்பில் தொங்கவிட்டிருந்தான். உறைக்குள்ளே பிரின்சியின் பெயர் மின்னியது. எதற்குக் கூப்பிடுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். எடுக்கக் கையைத் தூக்கினான். அதே நேரம் தூண்டில் வளைந்தது.

கயாக்கையே திருப்பி இழுத்துக்கொண்டு போனது அந்த மீன். இரண்டு முறை தண்ணீருக்கு மேல் எழும்பித் தலையை உதறியது. போன் நின்று, மறுபடி அடித்து, நின்று, அடித்தது. ஒவ்வொரு அடியும் மார்பெலும்பில் அதிர்ந்தது. மீனை மடிமேல் கிடத்தியபோது மணி ஒன்பது முப்பத்தைந்து. பதினோரு கிலோ இருக்கும். அலெக்ஸ் துடுப்பைத் தூக்கி ஆட்டினான். ஜெனித் ஈரக் கையைத் தொடையில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தான்.

"ஏங்க, எங்க போனீங்க? சிலிண்டர்ல ஒண்ணுமே வரலிங்க! மாமாவுக்கு மூச்சு வாங்குது, ஒதடெல்லாம் நீலமா ஆவுது."

"தொறந்தியா?"

"தொறந்தேன். குண்டு மேல வரமாட்டுது. முள்ளு கீழயே கீது."

பின்னால் அப்பாவின் மூச்சு கேட்டது. ரம்பம் அறுப்பது போல.

அவன் வாயிலிருந்து வந்தது இதுதான்: "வால்வு தொறக்கலன்னா முள்ளு கீழதான் இருக்கும். ஜாம் ஆயிருக்கும். ஸ்பானர் போட்டுத் திருப்பு."

"ஆட்டோ கூப்டுட்டா?"

"மொதல்ல திருப்புன்றேன்! முழு சிலிண்டர வச்சிக்கினு எதுக்கு ஆட்டோ? இடது பக்கம், நல்லா அழுத்தி."

அவள் ஸ்பானர் தேடினாள். அது பைக் பெட்டியில், அவனோடு மரக்காணத்தில் இருந்தது. எதிர்வீட்டு லூர்துமேரியிடம் ஒன்று வாங்கி வந்து, இரண்டு கையாலும், காலை முட்டுக் கொடுத்துத் திருப்பினாள். அந்தப் பக்கம், இந்தப் பக்கம். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் இரும்பு இரும்பில் உரசும் சத்தம் முழுக்க ஜெனித்துக்குக் கேட்டது. நடுவில் அப்பாவின் குரல் ஒரு முறை கேட்டது. பாதி காற்றாக வந்தது. "உடும்மா… அதுல… இல்ல." பிரின்சிக்குப் புரியவில்லை. "இருக்குது மாமா, தோ தொறந்துட்டேன், தோ" என்றாள்.

பன்னிரண்டு நிமிஷம் கழித்து லூர்துமேரிதான் ஆட்டோவை நிறுத்தினாள். அதற்குள் மேல்மலையனூருக்குப் போகிற அமாவாசை பஸ்கள் மேம்பாலத்துக்குக் கீழே வரிசை கட்டி நின்றிருந்தன. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது ராயப்பனின் கை பிரின்சியின் முழங்கையை இறுகப் பிடித்திருந்தது. டாக்டர்தான் விரல்களைப் பிரித்தார்.

ஜெனித் மீனை அலெக்ஸிடம் கொடுத்துவிட்டு வந்தான். வருவதற்கு முன் டியூபைக் கத்தியால் கிழித்து, பக்கெட்டோடு சவுக்குத் தோப்பில் எறிந்தான். மிச்சம் நாற்பது இறாலுக்கு மேல் இருந்தன. மணலில் துள்ளிக்கொண்டிருந்தன.

விழுப்புரத்திலிருந்து அக்கா அமல்ராணி மாலையோடு வந்து இறங்கினாள். அடக்கம் முடியும் வரை அழுதாள். முடிந்து வீட்டுக்கு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூலையில் நின்ற சிலிண்டரைப் பார்த்தாள்.

"காத்து இருந்துச்சா இல்லியா?"

உறவுக்காரர்கள் பதினைந்து பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஜெனித்தைப் பார்த்தார்கள்.

"இருந்துச்சு" என்றான்.

"அப்ப இன்னா ஆச்சு?"

அவன் பிரின்சியைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான். அது போதுமாயிருந்தது.

"நான்தான் அண்ணி" என்று பிரின்சி சொன்னாள். "தொறக்கத் தெரில. தப்பு தப்பா திருப்பிட்டேன் போல. எல்லாம் வெளிய பூடுச்சோ இன்னாவோ."

"ஒரு வால்வு தொறக்கத் தெரியாதாடி? அஞ்சு வருசமா வூட்டுல கீது, ஒரு வால்வு!" அமல்ராணி தலையில் அடித்துக்கொண்டாள். "எங்கப்பன பொட்டியில வச்சிட்டியேடி. மூச்சுக்குத் தவிக்க வச்சிக் கொன்னுட்டியே."

பிரின்சியின் முழங்கையில் அவர் பிடித்த இடம் நாலு விரலாகக் கன்றிப்போயிருந்தது. அதை மறுகையால் மூடிக்கொண்டாள்.

"அக்கா, உடு" என்றான் ஜெனித். "அவ வேணும்னா பண்ணா? பதட்டத்துல ஆயிடுச்சி. நான் ஒண்ணும் நெனைக்கல."

கூட்டத்தில் யாரோ, "தங்கமான மனுசன்" என்று சொன்னார்கள். பிரின்சி அவன் காலைத் தொட வந்தாள். அவன் தோளைப் பிடித்துத் தூக்கினான்.

எட்டாம் நாள் சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்க அவன் கயிற்றை எடுத்தபோது, அவள் வந்து பக்கத்தில் நின்றாள். அந்த ஒரு வாரத்தில் பாதியாகியிருந்தாள்.

"குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தபா காட்டுங்க. எப்பிடித் தொறக்கணும்?"

"இப்ப எதுக்கு அது?"

"நான் இன்னா தப்பு பண்ணேன்னு தெரிஞ்சிக்கணும். தூக்கம் வரமாட்டுது."

அவன் சாவியை மாட்டினான். அவள் கையை எடுத்து அதன் மேல் வைத்து, மேலே தன் கையை வைத்து, இடது பக்கம் மெல்லத் திருப்பினான். வழுக்கிக்கொண்டு திரும்பியது. ஒரு சத்தமும் வரவில்லை.

"நானும் இப்பிடித்தாங்க திருப்புனேன்" என்றாள்.

"இல்ல பிரின்சி. பயத்துல நீ வலது பக்கம் திருப்பியிருப்ப. உனக்கு ஞாபகம் இருக்காது."

அவள் சாவியைப் பார்த்தாள். யோசித்தாள். பிறகு தலையாட்டினாள்.

"ஆமாங்க. அப்பிடித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அவன் கையை விலக்கி, தானாக இன்னொரு முறை இடது பக்கம் திருப்பிப் பார்த்தாள்.