ராசம்மாள் இல்லாத வெள்ளோட்டம்

மணவாளனுக்கு அந்தக் கறுப்பு வண்டியைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. கடலூர் ஷோரூமின் கண்ணாடிக்குள் அது நின்ற நிற்பில், கரையேற்றி வைத்த புதுப் படகின் தோரணை இருந்தது. முன்பக்கம் அவருடைய மார்பு உயரம் வந்தது. இரண்டு தடவை அதைச் சுற்றி நடந்தார். மூன்றாவது தடவை தகரத்தில் கை வைத்துக்கொண்டே நடந்தார். விற்பனையாளன் ஜெயப்பிரகாஷ் பேச வாயெடுத்தபோதெல்லாம் கொஞ்சம் பொறு என்பதுபோல் கையைக் காட்டினார். பிடித்த பொருளின் முன்னால் அவருக்குப் பேச்சு வராது.

வண்டி வாங்க நினைத்ததே மனைவி ராசம்மாளின் முழங்காலுக்காகத்தான். முப்பது வருடம் மீன்கூடை சுமந்து தெருத்தெருவாக நடந்த கால். பஸ்ஸின் படி அவளுக்கு எட்டாத உயரம். வாடகைக் காரோ பள்ளம். உட்கார்ந்தால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும். தூக்கிவிட நீளும் கைகள் அவளுக்கு ஆகாது. மகள் வினோதினி சிதம்பரத்தில் வீடு கட்டிக் குடிபோனபோதுகூட, ராசம்மாள் வரமாட்டேன் என்று இருந்துவிட்டாள். இப்போது வினோதினிக்கு ஏழாம் மாதம். பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் அவளால் வர முடியாது. ராசம்மாள்தான் வாரம் ஒரு நடை போய் வந்தாக வேண்டும். கார் தாழ்வாக இருப்பதுதானே தொல்லை, இருப்பதிலேயே உயரமானதை வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று மணவாளன் முடிவு கட்டினார். சொந்தக்காரர்களும் ஏறிக்கொள்ள ஏழு இடம் வேண்டும். டீசல்தான் என்பதில் பேச்சுக்கே இடமில்லை. இருபது வருடமாகப் படகில் டீசல் எஞ்சினோடு குடித்தனம் நடத்துகிறவர் அவர்.

அவர்கள் குப்பத்தில் புதுப் படகு வாங்கினால் வெள்ளோட்டம் விடுவார்கள். கூடத் தொழில் செய்கிற ஆண்கள் எல்லாரும் ஏறி, ஒரே பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, குற்றம் குறை பார்ப்பார்கள். மறுநாள் காலை மணவாளன் தன் படகில் வரும் ஐந்து பேரையும் ஷோரூமுக்குக் கூட்டிப் போனார். அவர்களில், ஐஸ் லாரி ஓட்டிப் பழகிய தங்கை மகன் அய்யனார்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தான். சில்வர் பீச் சாலையில் போகும்போது பின்னால் இருந்தவர்கள் சொல்லிவைத்தாற்போல் ஒரே பக்கம் சரிந்தார்கள். ஜெயப்பிரகாஷ் பயந்துபோய்க் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"ஒண்ணும் பயப்படாதீங்க தம்பி, கவுறுதான்னு பாக்குறோம்" என்றான் அய்யனார்.

வண்டி அசையவில்லை. மேட்டில் ஏறும்போது எஞ்சின் அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தது. மணவாளன் கண்ணை மூடிக்கொண்டார். ஏழு பேரைச் சுமந்தும் மூச்சிரைக்காத அந்தக் குரலை இன்னும் கொஞ்ச நேரம் கேட்க வேண்டும்போல் இருந்தது.

டீசல் போக, புகையைச் சுத்தப்படுத்த யூரியாத் தண்ணீர் ஒன்றும் தனியாக ஊற்ற வேண்டும் என்று ஜெயப்பிரகாஷ் சொன்னான்.

"கீரப்பாளையத்துல நெல்லுக்குப் போடுறத இவுரு வண்டிக்கு ஊத்தச் சொல்றாரு. மாமா, வண்டி ரெண்டு போகம் வெளையும் போல" என்றான் அய்யனார். ஷோரூம் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். குறை சொல்ல ஒருவருக்கும் ஒன்றும் அகப்படவில்லை.

சாயந்திரம் வினோதினி போன் செய்தாள். மணவாளன் வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினார். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அம்மா ஏறிப் பாத்தாங்களாப்பா?"

அவர் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். படகு வெள்ளோட்டத்துக்குப் பெண்களைக் கூப்பிடும் வழக்கம் இல்லை. இதற்கும் அவளைக் கூப்பிடத் தோன்றவே இல்லை. யாருக்காக வண்டியோ அவளைத் தவிர ஊரே ஏறி இறங்கியிருக்கிறது.

போனை வைத்துவிட்டுப் போய் அவர் விஷயத்தைச் சொன்னபோது, மீன் ஆய்ந்துகொண்டிருந்த ராசம்மாள் நிமிரவில்லை. "நாப்பது வருஷமா ஒங்க போட்டுல நான் கால் வச்சதில்ல. சரி, அது கடலு. ரோட்டுல போற வண்டிக்குமா?"

"நாளைக்கு நீயும் வந்து ஏறிப் பாரு" என்றார் மணவாளன்.

அடுத்த நாள் ஷேர் ஆட்டோவில் ஷோரூமுக்குப் போனார்கள். கறுப்பு வண்டியின் தகரத்தில் ராசம்மாளும் கை வைத்துப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது. ராசா மாதிரி நிக்குது" என்றாள். பிறகு மேல் கைப்பிடியைப் பற்றி, பக்கவாட்டுப் படியில் இடது காலை வைத்தாள். வலது காலைத் தூக்க முட்டி இடம் கொடுக்கவில்லை. மறுபடி முயன்றாள். மேலுதட்டில் வியர்வை அரும்பியது. மணவாளனின் கை தானாக நீண்டது. அவள் பார்த்த பார்வையில் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வேணாங்க. வாரா வாரம் யாரு தோள்மேலயாச்சும் தொங்கிக்கிட்டு ஏற என்னால ஆவாது" என்று சொல்லிக் காலை இறக்கினாள்.

மணவாளன் கறுப்பு வண்டியைப் பார்த்தார். அதன்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. அது அழகாகத்தான் இருந்தது.

ஜெயப்பிரகாஷ்தான் தயங்கித் தயங்கிப் பேசினான். "அம்மா, பின்னால ஒரு வெள்ள வண்டி நிக்குது. அதுவும் டீசல்தான், ஏழு சீட்டு. ஆனா இந்த கெத்து இருக்காது."

"கெத்து அவுருக்குத்தான் வேணும். நீ அதக் காட்டு."

வெள்ளை வண்டியின் இருக்கை சரியாக அவள் இடுப்புக்கு நேராக இருந்தது. அவள் ஏறவில்லை. திரும்பி நின்று, கூடைக்காரி சந்தையில் முக்காலியில் அமர்வதுபோல் உட்கார்ந்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டாள். கதவையும் அவளே இழுத்துச் சாத்தினாள். மணவாளன் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ரவுண்டு போலாமாம்மா?" என்று ஜெயப்பிரகாஷ் கேட்டான்.

"ஊருக்குள்ள ஒரு சுத்து சுத்துனா எனக்கு இன்னா தெரியும்? செதம்பரம் வரைக்கும் போவணும். அங்க எறங்குறப்பதான் முட்டி சொல்லும்."

ஜெயப்பிரகாஷ் உள்ளே ஓடி மேலாளரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி வந்தான். அய்யனாரை வரச் சொன்னார்கள். ராசம்மாள் அவன் பக்கத்தில் முன்னிருக்கையில் இருந்தாள். நடுவில் ஜெயப்பிரகாஷ். கடைசி வரிசை எப்படி என்று பார்க்கிறேன் என்று மணவாளன் பின்னால் நுழைந்துகொண்டார். முழங்கால் மோவாயைத் தொட்டது.

சிப்காட் ரசாயன ஆலைகளின் நெடி வந்து போனது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர். எஞ்சின் இருப்பதே தெரியாமல் ஓடியது. இதில் அந்த அடிவயிற்றுக் குரல் இல்லை. ஆனால் முன்னால் ராசம்மாள் அய்யனாரிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டு வந்தது கடைசி வரிசை வரை தெளிவாகக் கேட்டது. அவள் இவ்வளவு பேசி அவர் கேட்டு வெகுநாளாகியிருந்தது. வெள்ளாற்றுப் பாலம் வந்ததும் பேச்சை நிறுத்தித் தண்ணீரைப் பார்த்தாள்.

சிதம்பரத்தில் வினோதினியின் வீட்டு வாசலில் அய்யனார் வண்டியை நிறுத்தினான். ஒரு மணி நேரத்துக்குமேல் மடங்கியே இருந்த முட்டி. மணவாளன் முன்னிருக்கையின் விளிம்பையே பார்த்தார்.

"அத்த, இரு, வந்து புடிக்கிறேன்."

"நீ ஒக்காருடா."

கதவு திறந்தது. ஒரு கால் தரையைத் தொட்டது. அவள் காத்திருந்தாள். வண்டிக்குள் மூன்று ஆண்களும் காத்திருந்தார்கள். இரண்டாவது காலும் இறங்கியது. கதவின் மேல்விளிம்பைப் பற்றிக்கொண்டு அவள் எழுந்து நின்றாள். பிறகு அந்தக் கையையும் எடுத்துவிட்டாள்.

வினோதினி வயிற்றைத் தாங்கியபடி வாசலுக்கு வந்தாள். "எப்படிம்மா வந்த?" என்றாள்.

"இன்னா கேள்வி இது, வண்டியிலதான்" என்றபடி ராசம்மாள் அவள் கன்னத்தைத் தடவிவிட்டு உள்ளே நடந்தாள்.

நடு இருக்கையை மடித்துவிட்டு ஜெயப்பிரகாஷ் குனிந்தான். "ஐயா, வாங்க எறங்கலாம். அப்ப வெள்ளையே எழுதிடலாமா?"

"எழுது" என்றார் மணவாளன். ஆனால் இறங்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து அந்த வீட்டின் திறந்த வாசல் தெரிந்தது. உள்ளே ராசம்மாள், தான் இதுவரை பார்த்திராத அந்த வீட்டின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.