லேபிள் மட்டும் புதுசு

தையல்காரியின் மேசையில் பள்ளிச் சீருடைகளுக்கு நடுவே இரண்டு பெல்ட்டுகள் வந்து விழுந்தன. பந்தயக் கார் ஓட்டுகிறவனை இருக்கையோடு இறுக்கிக் கட்டும் அகலமான பெல்ட்டுகள். ஒன்று புதிது. மற்றது நிறம் வெளுத்துப்போனது.

"இந்தப் புதுசுல இருக்கிற லேபிளைப் பிரிச்சு அந்தப் பழசுல தச்சுடு" என்றான் கணவன். பந்தயக் கார்களுக்கு மெக்கானிக் அவன். இந்த முறை அவன் தயார் செய்யும் காரை ஓட்டப்போவது அவளுடைய தம்பி.

"எதுக்குங்க? புதுசையே மாட்டலாமே?"

"சைஸ் சேரலடி. வேற வர ரெண்டு வாரம் ஆகும், பந்தயம் ஞாயித்துக்கிழமை. பழசுக்கு லேபிள்ல போட்ட தேதி முடிஞ்சிருச்சு, அவ்ளோதான். சோதிக்க வர்றவர் தேதியை மட்டும்தான் பார்ப்பார். போன வருஷம் உதிரிபாகக் கடைக்காரருக்கு இதே மாதிரி நாலஞ்சு தச்சுக் குடுத்தியே, ஒண்ணாவது திரும்பி வந்துச்சா?"

வரவில்லைதான். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. பொடித் தையலாகப் போட்டு, மூலைக்கு மூலை இரண்டு தரம் ஓட்டினாள். சட்டைப் பையானாலும் சரி, லேபிளானாலும் சரி, அது அவள் கைப்பழக்கம். என்னவோ அன்று மட்டும் ஊசி இரண்டு முறை முறிந்தது. பெல்ட்டு அவ்வளவு விறைத்துப் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சோதனை அதிகாரி லேபிளைப் புரட்டிப் பார்த்துத் தலையாட்டினார். கணவன் அவளைப் பார்த்துக் கண் சிமிட்டினான். தம்பி ஹெல்மெட்டைத் தட்டிக்கொண்டு, "அக்கா, கோப்பையை எங்க வைக்கிறதுன்னு இப்பவே இடம் பார்த்து வை" என்றான். அவன் வாய்க்கு எப்போதும் பூட்டே கிடையாது.

வீட்டாருக்கான வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு வயதான பெண் உட்கார்ந்திருந்தாள். போன வருஷப் பந்தயத்தில், எதிரே தெரிந்த வளைவில் கார் மோதிச் செத்துப்போன பையனின் அம்மா. அவனுக்காக எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். உட்கார்ந்ததும் அந்த அம்மா தானாகவே பேச ஆரம்பித்தாள்.

"சுவத்துல மோதினதுக்குச் சாகலம்மா அவன். பெல்ட்டு அறுந்து தூக்கி வெளியே போட்டுடுச்சு. பழைய பெல்ட்டாம், லேபிள் மட்டும் புதுசு. என்கிட்டயே காட்டுனாங்க. எவ்வளவு பொடித் தையல் தெரியுமா? மூலைக்கு மூலை ரெண்டு தரம் ஓட்டி... எந்த மகராசி தச்சாளோ, அவ்வளவு அக்கறையா தச்சிருந்தா."

கீழே எஞ்சின்கள் ஒவ்வொன்றாக உறும ஆரம்பித்தன. தையல்காரி எழுந்து ஓடினாள்.

தம்பியின் கார் அதற்குள் ஷெட் வாசலுக்கு வந்துவிட்டிருந்தது. "ஏய், எங்க வர்ற?" என்று கணவன் கத்தினான். அவள் காதில் வாங்கவில்லை. கைப்பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, காருக்குள் குனிந்து, தம்பியின் தோளுக்கு மேலே பெல்ட்டை நறுக்கிவிட்டாள்.

"அக்கா! உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? ஒரு வருஷ உழைப்பு போச்சேக்கா!" தம்பிக்கு அழுகையே வந்துவிட்டது.

"என் மானத்தை வாங்கிட்டியேடி" என்று கணவன் பல்லைக் கடித்தான். சோதனை அதிகாரி ஓடி வந்தார்.

அவள் லேபிளோடு அறுந்து தொங்கிய துண்டை அவர் கையில் திணித்தாள். "இந்த லேபிள் பொய் சார். நான்தான் தச்சேன்." பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "சோதிக்க வர்றவரை ஏமாத்துறோம்னு சந்தோஷப்பட்டோம். இந்த பெல்ட்டு அவரைக் காப்பாத்துறதுக்கா இருக்கு? ஓட்டுறவனைக் காப்பாத்துறதுக்குங்க. பாதுகாப்புல செய்யற ஏமாத்து வேலை உயிரைத்தான் கேட்கும். நம்ம வீட்டு உயிரா, அடுத்த வீட்டு உயிரான்னு பார்க்காது."

தம்பி இல்லாமலேயே பந்தயம் தொடங்கியது. அவள் மறுபடியும் படியேறி அந்த வயதான பெண்ணின் முன்னால் போய் நின்றாள். உட்காரத் தைரியம் வரவில்லை.

"அம்மா, நீங்க சொன்ன அந்த மகராசி நான்தான்" என்றாள்.