ஆறு மூச்சு

1.

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு பெண்மணியிடம் சொல்லியே ஆகவேண்டிய ஒரு வாக்கியத்தை மூன்று வாரமாக விழுங்கிக்கொண்டிருக்கிறேன். நேரில் சொல்லத் துணிவில்லாமல் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். அதுவும் அவருக்குத் தெரியாத தமிழில்.

முதலில் எழுதிய தொடக்கம் இது: ‘மொன்டானாவின் பரந்த புல்வெளியில் துப்பாக்கிப் புகை மெல்ல எழுந்து—’ [அடித்துவிட்டேன். இருபத்திரண்டு வருடமாக இந்த ஊர்ப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். புகையைப் பார்த்து உருகுகிற ஆள் இல்லை நான்.]

இரண்டாவது: ‘ஹெட்டா பிரெக்கேவுக்கு அறுபத்தொரு வயது.’ இது இருக்கட்டும்.

2.

ஹெட்டா எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடும் பழைய பாணித் துப்பாக்கி வைத்திருக்கிறார். செப்டம்பர் போட்டியில் ஐந்நூறு மீட்டருக்கு அப்பால் ஆட்டுக்கிடா உருவில் வெட்டிய பத்து இரும்புத் தகடுகள் நிற்கும். பத்தையும் சாய்க்கவேண்டும் என்பது அவர் ஆசை. இதுவரை ஒன்பதுதான். பக்கத்தில் தொலைநோக்கியோடு உட்கார்ந்து, குண்டு எங்கே விழுந்தது என்று ஒளிக்காமல் சொல்வது என் வேலை.

தோட்டாக்களை அவரே செய்கிறார். ஈயம் உருக்கி வார்த்த குண்டுகளை ஒவ்வொன்றாக நிறுப்பார். கொஞ்சம் எடை பிசகினாலும் அது மறுபடி அடுப்புக்குப் போகும். கரிமருந்து என்னும் பழைய வெடிமருந்து சீராகப் படியவேண்டும் என்று நீண்ட குழாய் வழியே பித்தளைக் கூட்டுக்குள் இறக்குவார். அதன்மேல் ஓர் அட்டை வில்லை. அதன்மேல் தேன்மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் தடவிய குண்டு.

(அடிக்குறிப்பாகப் போட நினைத்தது: சுட்டபின் துப்பாக்கிக் குழலுக்குள் கரி காய்ந்து இறுகிவிடும், அடுத்த குண்டு தறிகெட்டுப் போகும். அதனால் ஒவ்வொரு சூட்டுக்குப் பின்னும் ஊதுகுழாயைச் செருகி வாயால் ஊதி, மூச்சின் ஈரத்தில் கரியை இளக்குவார்கள். ஹெட்டா ஆறு முறை ஊதுவார். எப்போதும் ஆறு.)

3.

ஏப்ரலில் இருநூறு கஜத்தில் ஐந்து குண்டும் இலக்குத் தாளில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. ஜூலையில் அதே தோட்டா, முதலிரண்டு சரியாக விழுந்து, மூன்றாவதிலிருந்து மேலும் கீழுமாக ஒரு சாண் நீளத்துக்குப் பரவியது. எனக்கு இந்தப் புதிர் பிடித்துப்போயிற்று. மருந்தைக் கூட்டினோம், குறைத்தோம், அமுக்கிப் பார்த்தோம். மெழுகை மாற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை.

“கிடாவுக்கு ஆயுசு கெட்டி அக்கா,” என்றார் அவர் தம்பி ஆரின்.

“வாய மூடு. ஒரு வாட்டியாச்சும் நீ கிடாவத் தொட்டிருக்கியா?”

[ஆரின் இந்தக் கதைக்குத் தேவையா என்று சந்தேகமாக இருந்தது. பேச்சு அதிகம். ஆனால் அவர் கொண்டுவந்த சோளரொட்டி இல்லாமல் கதை நகராது.]

4.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. ஹெட்டா புது அட்டை வில்லை போட்டுப் பார்த்தார். முதல் குண்டு சுட்டதும் ஆரினின் சோளரொட்டியை வாய் நிறைய அடைத்துக்கொண்டு, ஊதுகுழாயை என் பக்கம் நீட்டினார்.

“நீ ஊது வாத்தியாரே. நான் ஊதுனா ரொட்டித்தூள்தான் போகும்.”

ஒவ்வொரு சூட்டுக்கும் நான்தான் ஊதினேன். ஐந்தும் உள்ளங்கைக்குள்!

“வில்லைதான்! நான் சொல்லல?” என்று என் முதுகில் ஓங்கித் தட்டினார்.

அடுத்த ஐந்துக்கு அவரே ஊதினார். அதே வில்லை. மறுபடி ஒரு சாண்.

“காத்து மாறிடுச்சு,” என்றார்.

காற்று மாறவில்லை. காற்றுக்காகச் சுடுதளத்தில் கட்டிய கொடி அசையவே இல்லை.

5.

போட்டியில் நேரக் கெடு உண்டு என்பதால், எந்த வேலைக்கு எத்தனை நொடி ஆகிறது என்று என் நோட்டில் குறித்துவைப்பேன். அன்று புரட்டிப் பார்த்தேன். ஆறு முறை ஊத, ஏப்ரலில் 24 நொடி. ஆகஸ்டில் 11.

மருந்தை நிறுத்தார், குண்டை நிறுத்தார், மூச்சை மட்டும் எண்ணினார். எண்ணிக்கை ஆறாகவே இருந்ததால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. கணக்கு வாத்தியாருக்கும் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

இலக்குத் தாளைப் பார்க்க நடக்கும்போது இப்போதெல்லாம் பாதியில் நின்று மான் பார்ப்பார். அந்தப் பக்கம் மான் இருக்காது. ‘தோட்டாவில் குறை இல்லை ஹெட்டா, உங்கள்—’

[பாருங்கள், தமிழில்கூட முடிக்க முடியவில்லை.]

6.

மூன்று முடிவுகள் யோசித்தேன்.

ஒன்று: சொல்கிறேன், மருத்துவரிடம் போகிறார், குணமாகிப் பத்துக் கிடாவையும் சாய்க்கிறார். ஆரின்கூட நம்பமாட்டார்.

இரண்டு: சொல்லாமல், ஏதாவது சாக்கு வைத்து நானே ஊதிக்கொடுக்கிறேன். பத்தும் விழுகின்றன. எனக்கு இந்த முடிவு பிடித்திருக்கிறது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

மூன்று: அவருக்கு முன்பே தெரியும், அதை மறக்கத்தான் இத்தனை தராசும் மெழுகும்—

7.

இதைச் சுடுதளத்து மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். ஹெட்டா வந்து எட்டிப் பார்த்தார்.

“என்னத்த எழுதற இவ்ளோ நேரமா?”

“கதை.”

“என்னப் பத்தியா?”

“ஆமா.”

“கண்ட எடத்துல கெழவின்னு எழுதிருந்தா ஒதைப்பேன்.” தாள்களைப் பிடுங்கிக்கொண்டார். “கோழி கிண்டுன மாதிரி இருக்கு.” விரல் வரிவரியாக இறங்கியது. ஐந்தாம் பகுதியில் நின்றது.

“ஓரத்துல ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டிருக்க, அது புரியுது. நடுவுல இந்த 24, 11 என்ன? என் மருந்து அளவு இல்லியே.”

தாளைத் திரும்ப வாங்கி இந்த வரிகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருக்கிறார். வண்டியிலிருந்து மேசைவரை நடந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. மூன்று முடிவில் எது வேண்டுமோ நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு இனி ஒன்றும் மிச்சமில்லை.

“ஒரு நிமிஷம் ஹெட்டா, இத முடிச்சிட்டு—”

“எழுதுனது போதும் வாத்தியாரே. சொல்லு.”