குரூப்பில் போட்ட ரிசல்ட்

தம்பி பெண்டாட்டிக்கு வளைகாப்பு என்றால் முதல் வளையல் நாத்தனார் கையால்தான். கலைப்பிரியா முழுகாமல் இருக்கிறாள் என்று விழுப்புரத்திலிருந்து தம்பி தேவா போன் செய்த அன்றே, திண்டிவனத்தில் செண்பகம் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கி பீரோவில் பூட்டிவிட்டாள்.

தை மாதம் வெள்ளிக்கிழமை நாள் குறித்தார்கள். அந்த வாரம் பார்த்தா கொரோனா மூன்றாவது தடவையாக ஊருக்குள் வர வேண்டும்? செண்பகம் வேலை பார்க்கும் மல்லாட்டை மண்டியில் கூடவே உட்கார்ந்து கடலை புடைக்கும் சவுரியம்மாளுக்குத் தொற்று என்று செவ்வாய்க்கிழமை தெரிந்தது. முந்தின நாள்தான் இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் கை போட்டுச் சாப்பிட்டிருந்தார்கள்.

செண்பகம் மண்டியிலிருந்து நேரே ஒரு தனியார் லேபுக்கு ஓடினாள். மறுநாள் காலையில் நெகட்டிவ் என்று வந்தது. அதைத் தேவாவுக்கு அனுப்பினாள். அவன் சும்மா இருப்பானா? சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கும் வாட்ஸப் குரூப்பில், எங்கள் அக்கா சுத்தம், வளைகாப்புக்கு யாரும் பயப்படாமல் வரலாம் என்று போட்டுவிட்டான்.

அன்று பகலில் சவுரியம்மாளோடு பழகியவர்களை விசாரிக்க சுகாதார நிலையத்து நர்ஸ் ரோஜா மண்டிக்கு வந்தாள். செண்பகம் பெருமையாகப் போனை நீட்டினாள். ரோஜா பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“இது செல்லாதுக்கா. ஒட்டிகினு இருந்தாலும் மறுநாளே காட்டாது. உள்ள போன கிருமி பெருகணும் இல்ல? கூட சாப்ட்ட நாள்ல இருந்து அஞ்சு நாள் போவட்டும், சனிக்கிழமை வந்து எடு. நடுவுல தொண்டை கரகரன்னா அன்னைக்கே வா.”

“எனக்கு ஒண்ணும் இல்லையே. நல்லாத்தான இருக்கேன்?”

“காய்ச்சல் இருமல் வர்றதுக்கு முந்தியே அடுத்தவங்களுக்கு ஒட்டும். புள்ளத்தாச்சி கிட்ட மட்டும் போயிடாத.”

வளைகாப்பு வெள்ளி, டெஸ்ட் சனி. அந்த ஒரு நாள் செண்பகத்தின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது. சந்தனத்தைக் கன்னத்தில் தடவி, கையைப் பிடித்து வளையல் ஏற்றும் சடங்கை எட்டி நின்றா செய்ய முடியும்?

தான் வரவில்லை என்று போனில் சொன்னாள். தேவா குதித்தான். பொய் ரிசல்ட் போட்டதாக ஊரே பேசும் என்றான். அத்தை மாமன் எல்லாரும் அவளை நம்பித்தான் வருகிறார்கள் என்றான். வெள்ளிக்கிழமை காலை வாசலுக்குக் காரையே அனுப்பினான். அப்போதும் செண்பகத்துக்கு ஒரு தும்மல்கூட இல்லை. பட்டுப்புடவையை எடுத்தாள். மடிப்புக் கலையாமல் அப்படியே வைத்தாள்.

“வண்டிய வந்த வழியே திருப்பிக்கினு போகச் சொல்லுடா,” என்றாள் போனில். “என் பேரு கெட்டா கெடட்டும். அவ வயித்துல இருக்கிறது நம்ம வீட்டுப் புள்ள.”

தேவா பட்டென்று போனை வைத்துவிட்டான்.

சனிக்கிழமை விடியும்போது எச்சில் விழுங்க முடியவில்லை. உடம்பு அனலாய்க் கொதித்தது. ரோஜா எடுத்த டெஸ்ட்டில் பாசிட்டிவ். அழுதுகொண்டே அதையும் தம்பிக்கு அனுப்பினாள். சிறிது நேரத்தில் குரூப்பில் தேவாவின் எழுத்து வந்து விழுந்தது.

‘எங்க அக்காவுக்குப் பாசிட்டிவ். நான் கார் அனுப்பியும் நேத்து வராம இருந்தது இதுக்குப் பயந்துதான். இப்படி ஒரு அக்கா யாருக்கு இருக்காங்க?’

ஊரே கைகூப்பும் பொம்மையாகப் போட்டுத் தள்ளியது. பாசிட்டிவ் வந்ததற்கு இத்தனை பேர் பெருமைப்பட்டு அவள் பார்த்ததில்லை. காய்ச்சலோடு சிரித்தாள்.

உடம்பு தேறி, ரோஜா தாராளமாகப் போகலாம் என்று சொன்ன பிறகுதான் செண்பகம் அனந்தபுரத்துக்கு பஸ் ஏறினாள். வளைகாப்பு முடிந்து கலைப்பிரியா அங்கே தாய் வீட்டில் இருந்தாள். தேவாவும் வந்திருந்தான்.

கலைப்பிரியாவின் இடது கையில் முழங்கை வரை வளையல். வலது கை மொட்டையாக இருந்தது.

“என்னடி இது கோலம்?”

“எல்லாரும் திட்டிகினுதான் இருந்தாங்க அண்ணி. இந்தக் கை எங்க அண்ணிக்குன்னு சொல்லி நீட்டவே இல்ல.”

செண்பகத்துக்குக் கண் மறைத்தது. பச்சை வளையலை எடுத்தாள். தேவா போனைத் தூக்கிப் பிடித்தான்.

“கொஞ்சம் இப்பிடி திரும்புக்கா. குரூப்ல போடணும்.”