திரையில் துள்ளிய பந்து

மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒற்றை அறையில் அக்காவும் நானும் டைப்பிங் கடை வைத்திருந்தோம். டைப்ரைட்டர்களை ஓரங்கட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வாடிக்கையாளர்கள் கையெழுத்துத் தாள்களோடு ஆளுக்கொரு பிளாப்பியும் கொண்டுவருவார்கள். அடித்ததை அதில் பதிந்து கொடுப்போம். ஒரு நகல் எங்கள் பிளாப்பிப் பெட்டியிலும் இருக்கும். சட்டதிட்டமெல்லாம் அக்காவுடையது. செருப்பு வெளியே. டீ கிளாஸ் வெளியே. கம்ப்யூட்டரில் விளையாட்டு என்ற பேச்சே கூடாது.

ஒரு திங்கட்கிழமை காலை அக்கா மாட்டு டாக்டரின் புத்தகத்தில் நூற்றுப் பன்னிரண்டாவது பக்கத்தை அடித்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. தூசி என்று நினைத்துக் கைக்குட்டையால் துடைத்தாள். புள்ளி நகர்ந்தது. ஓரத்தில் போய் முட்டி, பந்து மாதிரித் துள்ளித் திரும்பியது.

"ஏய் வாலு, இங்க வாயேன். என்னமோ ஓடுது!"

எனக்கு முப்பத்தோரு வயதாகியும் அவளுக்கு நான் வாலுதான். இருவருமாக நின்று பார்த்தோம். பந்து எழுத்துகளுக்கு நடுவே புகுந்து புகுந்து போனது. கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி வந்தது.

"வைரஸ்க்கா. பத்திரிகைல படிச்சேன். பிளாப்பி வழியாத்தான் பரவுமாம்."

அக்கா அந்த நிமிடமே தீர்ப்பு எழுதிவிட்டாள். டிரைவுக்குள் இருந்தது மாட்டு டாக்டரின் பிளாப்பி. அதை இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குவதுபோல் வெளியே எடுத்தாள்.

மாட்டு டாக்டர் பதினொரு வருடக் குறிப்புகளைச் சேர்த்துக் குளம்பு நோய்களைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, தனி ஆள். மிரண்ட கன்றுக்குட்டியிடம் பேசுவதுபோலவே எல்லோரிடமும் மெதுவாகப் பேசுவார். அன்று மதியம் அடுத்த அத்தியாயத்தோடு வந்தவரை அக்கா வாசலிலேயே நிறுத்தினாள்.

"டாக்டர், உங்க பிளாப்பில வைரஸ் இருக்கு. எங்க மிஷினுக்கும் வந்துடுச்சு. இனிமே நீங்க வேற இடம் பார்த்துக்கங்க."

அவர் முகம் வெளுத்துப்போனது. "ஐயோ, மன்னிச்சுக்கங்கம்மா. எனக்குத் தெரியாம நடந்துடுச்சு" என்று பிளாப்பியை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசல்படி இறங்கினார். கொண்டுவந்த தாள்களை மேசையிலேயே விட்டுவிட்டார். அக்கா அவற்றை எடுத்து ஓரம் சரிசெய்து அடுக்கினாள். 

வியாழக்கிழமை நான் வாங்கும் கம்ப்யூட்டர் பத்திரிகையின் அட்டையில் ஒரு பிளாப்பி ஒட்டப்பட்டு வந்தது. வைரஸ் எதிர்ப்பு நிரல். எழுதியவர் யாரோ முகம் தெரியாத ஒருவர். 'இலவசம். நகலெடுத்து நாலு பேருக்குக் கொடுங்கள்' என்று போட்டிருந்தது. வைரஸ் இதிலும் தொற்றாமல் இருக்க, புதிதாக எதுவும் பதியாதபடி பிளாப்பியின் ஓரத்துப் பள்ளத்தில் கறுப்புத் துண்டு ஒட்டியிருந்தார்கள்.

அதைப் போட்டு மிஷினை ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கரகரவென்று தேடியது. 'வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. நீக்கவா?' என்று கேட்டது. அக்கா என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர் புத்தகம் அழிஞ்சிடாதே?"

"அழியாதுக்கா."

"நல்லாப் படிச்சுட்டு அமுக்குடி."

அமுக்கினேன். பக்கங்கள் பத்திரமாக இருந்தன. பிறகு பெட்டியிலிருந்த பிளாப்பிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தோம். முப்பத்தெட்டில் இருபத்தாறுக்கு நோய். அதில் ஒன்று ஒரு பள்ளிக்கூடத்தின் கேள்வித்தாள் பிளாப்பி. அதன்மேல் எழுதியிருந்த தேதியைப் பார்த்தேன். மாட்டு டாக்டர் எங்கள் படியேறுவதற்கு ஐந்து மாதம் முன்பே வேலை முடிந்து பெட்டிக்குள் போனது அது. பிறகு யாரும் தொடவேயில்லை.

"அக்கா, அவர் வர்றதுக்கு முன்னாடியே நம்ம மிஷின்ல இருந்திருக்கு."

 அவள் தன் கைப்பையைத் திறந்து 'பழைய முகவரிகள்' என்று எழுதிய ஒரு பிளாப்பியை நீட்டினாள். "இதையும் பாரு" என்றாள், என்னைப் பார்க்காமலே.

அதில் ஒரு முகவரியும் இல்லை. மட்டையால் பந்தை அடித்துச் செங்கல் சுவரை உடைக்கும் விளையாட்டு. சிநேகிதி ஒருத்தியின் ஆபீசிலிருந்து வந்ததாம். நான் மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போகும் நேரமெல்லாம் ஆடியிருக்கிறாள். அதிகப் புள்ளிகள் எடுத்தவர்கள் பட்டியலில் பத்து வரிகள். பத்திலும் அவள் பெயர். வைரஸும் இருந்தது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் கண்கள் கலங்கியிருப்பதைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"சிரிடி, பரவாயில்ல. ஆனா அந்த மனுஷன வாசல்லயே நிக்கவச்சுப் பேசினேனே..."

மறுநாள் காலை கடையைப் பூட்டிவிட்டு இருவரும் கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் ஒரு பசுவின் பின்னங்காலைத் தன் தொடைமேல் வைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா கட்டு முடியும்வரை காத்திருக்கவில்லை.

"டாக்டர், நோய் உங்ககிட்டேர்ந்து வரல. எங்ககிட்டேர்ந்துதான் உங்களுக்கு வந்துச்சு. நான் செங்கல் உடைக்கிற விளையாட்டு பிளாப்பி போட்டேன். அதுலேர்ந்துதான் எல்லாம். தப்பு என்னோடது."

அவர் கட்டுப் போட்டு முடித்து, பசுவைத் தட்டிக்கொடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்பாடா! நாலு நாளா ஆபீஸ் கம்ப்யூட்டர் பக்கமே போகலம்மா. பிளாப்பிய ஒரு பிஸ்கட் டப்பால தனியா அடைச்சு வச்சிருக்கேன். இதே பிளாப்பிலேர்ந்து நகல் எடுத்துக்கிட்ட மூணு சிநேகிதங்களுக்கும் எச்சரிக்கைக் கடுதாசி போட்டாச்சு."

"அவங்களுக்கு நானே எழுதறேன்" என்றாள் அக்கா.

"எழுதுங்க. ஆமா, எத்தன செங்கல் உடைச்சீங்க?"

 அக்கா சொன்னாள், "கடைசி சுவர் வரைக்கும்." அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். பசு காதை ஆட்டியது.

டப்பாவிலிருந்த பிளாப்பியையும் ஆபீஸ் கம்ப்யூட்டரையும் அங்கேயே சுத்தம் செய்தோம். நிரலின் நகல்கள் ஆறு கேட்டு வாங்கிக்கொண்டார். சுற்றுவட்டாரத்தில் அவர் போகாத அலுவலகமில்லை. அடுத்த மாதத்துக்குள் பால் நிலையம், தபால் அலுவலகம், இரண்டு பள்ளிகள் என்று எங்கும் கொடுத்துவிட்டார். நாங்களும் கடைக்கு வந்தவர்களின் பிளாப்பிகளை எல்லாம் சும்மாவே சோதித்துக் கொடுத்தோம்.

டாக்டரின் புத்தகத்தைக் கடையில் அடித்து முடித்த அன்று, நிரலை எழுதியவருக்கு நன்றிக் கடிதம் போட வேண்டும் என்றாள் அக்கா. பத்திரிகையின் முகவரிக்கு அனுப்பலாம் என்று உட்கார்ந்தோம். ஆணா பெண்ணா, சின்னவரா பெரியவரா, ஒன்றும் தெரியாது. 'ஐயா' என்று தொடங்கலாம் என்றார் டாக்டர். 'அன்புத் தம்பி' என்றேன் நான். அக்கா இரண்டையும் கேட்காமல், "முகம் தெரியாத எங்கள் சொந்தத்துக்கு" என்று அடித்துவிட்டு, அடுத்த வரிக்கு என்ன எழுதலாம் என்று டாக்டரைக் கேட்டாள். அவர் தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் மூவருக்கும் டீ வாங்கக் கிளம்பினேன்.