கீரிமலை ஏற்றம்

துரைராஜாவின் சைக்கிளில் இருபத்தொன்பது அங்குலச் சில்லு இருந்தது. எண்ணெயில் வேலை செய்யும் டிஸ்க் பிறேக் இருந்தது. நூற்றிருபது மில்லிமீற்றர் அமுங்கி எழும்பும் முன் ஃபோர்க்கும் பன்னிரண்டு கியரும் இருந்தன. இவ்வளவும் எதற்காகச் செய்யப்பட்டனவோ அந்த மலைதான் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு தேங்காயை நிலத்தில் வைத்தால், யாராவது எடுத்துத் துருவும்வரை அது வைத்த இடத்திலேயே இருக்கும்.

இது துரைராஜாவுக்குத் தெரியாத விடயமல்ல. ஓய்வுபெற்ற உதவிக் கல்விப் பணிப்பாளர். புவியியல் பாடத்துக்குப் பொறுப்பாகப் பதினொரு வருடம் இருந்தவர். முப்பது வருடம் சுற்றறிக்கை எழுதிய கை என்பதால், சைக்கிளுக்கும் ஒரு கோப்புத் திறந்திருந்தார். மேலே ‘மிதிவண்டி மேம்பாடு: பொது’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். பொது என்று இருந்தால் விசேடம் என்று இன்னொரு கோப்பு இருக்க வேண்டும். இல்லை. பழக்கம்தான்.

சைக்கிள் அவருடையதல்ல. மனைவி தேவமலர் இறந்து ஒரு வருடம் முடிந்தபோது, சேர்ச்சில் நினைவு ஆராதனைக்காக ஒரே மகன் றொபின் நோர்வேயிலிருந்து வந்து மூன்று கிழமை நின்றான். நின்ற நாளில் ஓடுவதற்கென்று கொழும்பில் வாங்கி வந்து, போகும்போது தெல்லிப்பழை வீட்டின் கோல் என்று சொல்லும் முன்னறைக்குள் சாத்திவிட்டுப் போனான். அவன் இருக்கும் ஊரில் ஜன்னலைத் திறந்தாலே மலை. இங்கே ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தாங்கி.

தேவமலர் இருந்த காலத்தில் ரெலிபோன் அவளுடைய இலாகா. மகனோடு ஒரு மணித்தியாலம் கதைத்து முடித்து, “இந்தா, அப்பாவோடையும் கதை” என்று நீட்டுவாள். துரைராஜா ஒப்பம் வைப்பதுபோல இரண்டு வசனம் சொல்லித் திருப்பிக் கொடுப்பார். அவள் போன பிறகு இலாகா முழுவதும் அவர் தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணிக்கு றொபின் அங்கிருந்து அழைப்பு எடுப்பான்.

“சாப்பிட்டீங்களோ?”

“ஓம். நீ?”

“ஓம். அங்கை வெய்யிலோ?”

“ஓம். அங்கை குளிரோ?”

“ஓம். சரி அப்பா.”

ஐம்பத்திரண்டு விநாடி. போனே கணக்கெடுத்துக் காட்டும். மிச்சமிருக்கும் ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

ஒரு ஞாயிறு காலை கோல் கூட்டுவதற்காகச் சைக்கிளை நகர்த்தியபோது பிறேக் கீச்சிட்டது. அன்றைக்கு வெய்யிலும் குளிரும் முடிந்த இடத்தில், வெறுமனே இடத்தை நிரப்ப, “உன்ரை சைக்கிள் பிறேக் ஒரு மாதிரிச் சத்தம் போடுது” என்றார்.

“எந்தப் பிறேக்? முன்னோ பின்னோ?”

“முன்.”

“நனைஞ்சாலோ, காய்ஞ்சிருக்கேக்கையோ? அமத்தும்போதோ, விடும்போதோ?”

முப்பத்தெட்டு நிமிடம். துரைராஜா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பெடியன் இவ்வளவு கதைப்பான் என்று அவருக்கு யாரும் அறிவித்திருக்கவில்லை.

அப்படித்தான் மேம்பாடு தொடங்கியது. அடுத்த ஞாயிறு பிறேக் முழுவதையும் மாற்றினால் என்ன என்று கேட்டார். அதற்கடுத்த ஞாயிறு எந்தப் பிறேக் என்று ஆராய்ந்தார்கள். பிறகு றொபின், “கசெற்றையும் மாத்தினால் நல்லது அப்பா” என்றான்.

“கசெற்றோ? அது கொம்மாவின்ரை பிரசங்கக் கசெற் ஒரு பெட்டி கிடக்குது. அதை என்ன செய்யிறது?”

மறுமுனையில் றொபின் சிரித்தான். மூச்சு முட்டும்வரை சிரித்தான். கசெற் என்றால் பின் சில்லில் அடுக்கியிருக்கும் பல்லுச்சில்லுக் கூட்டம் என்று சொல்வதற்குள் மூன்று தரம் நிறுத்த வேண்டியிருந்தது. துரைராஜா தன் வாழ்நாளில் ஒருவரையும் சிரிக்க வைத்ததாக அவருடைய சுயவிபரக் கோவையில் இல்லை. அன்று பின்னேரம் முழுவதும் அந்தச் சிரிப்பை அவர் கோலுக்குள் கொண்டு திரிந்தார்.

நல்ல காலமாக, மலைச் சைக்கிளின் பாகங்கள் அரசாங்கத் திணைக்களங்கள் மாதிரி. ஒன்றில் கைவைத்தால் மற்றது அனுமதி கேட்கும். பத்துப் பல்லில் தொடங்கும் கசெற் பழைய ஹப்பில் ஏறாது. ஹப்பை மாற்றினால் சில்லைப் புதிதாகக் கோக்க வேண்டும். புதுச் சில்லு அகலம், ஆகவே புது ரயர். ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று ஞாயிறு தாக்குப்பிடித்தது. பாகங்களை றொபின், ஊருக்கு வரும் ஆட்களின் பெட்டிக்குள் வைத்து அனுப்புவான். துரைராஜா பெற்றுக்கொண்டதாகக் கோப்பில் பதிவார்.

பூட்டுவது மருதனார்மடத்தில் டினேஸ். சொல்லுக்குச் சொல் பதில் வைத்திருக்கும் முப்பத்தைந்து வயது மெக்கானிக். சைக்கிள் அங்கே ஓட்டோவில் போய் ஓட்டோவில் வரும்.

“இப்ப என்ன குறை சேர் உதுக்கு?”

“பின் சில்லின் மையப்பகுதி, புதிய பற்சக்கரத் தொகுதிக்கு இணக்கமற்றதாகக் காணப்படுகிறது.”

“ஹப் சரிவராதெண்டுறியள்.”

“அதைத்தான் சொன்னேன்.”

“அதைச் சொல்லேல்லை சேர். அதை அறிவிச்சியள்.” டினேஸ் சில்லைச் சுற்றிவிட்டான். “பன்னிரண்டு கியர் என்னத்துக்கு? இஞ்சையிருந்து பருத்தித்துறைக்கு ஒரு கியரிலை போய், அதே கியரிலை திரும்பி வரலாம்.”

“அது உமக்கு விளங்காது.”

“ஓம், விளங்கேல்லைத்தான். ஒரு வருசமாய் உது ஓட்டோவிலைதான் வருது, ஓட்டோவிலைதான் போகுது. பேசாமல் கியரை ஓட்டோவுக்குப் பூட்டிவிடட்டோ?”

துரைராஜா பற்றுச்சீட்டுக் கேட்டார். அவர் கடைக்கும் சேர்ச்சுக்கும் ஓடுவது கரியர் வைத்த தன் பழைய சைக்கிள். மலைச் சைக்கிளில் அவர் இதுவரை ஏறியதில்லை. அது ஓடுவதற்கான சாமான் என்பது அவருடைய கோப்பில் எங்குமே வரவில்லை.

ஆனால் எந்த மேம்பாட்டுக்கும் ஒரு முடிவு உண்டு. கடைசியாக, அமத்தினால் சீற் தானாக இறங்கி ஏறும் தடி ஒன்று வந்து பூட்டப்பட்டது. அந்த ஞாயிறு றொபின் பெருமூச்சு விட்டான். “சரி அப்பா. இனி மாத்த ஒண்டுமில்லை. இனி ஓடுறதுதான்.”

துரைராஜா கோப்பைப் புரட்டினார். “பெடல்?”

“பெடல் நல்லது.”

“பிடி றப்பர்?”

“போன மாசந்தானே மாத்தினது. அதை விடுங்கோ. அம்பத்தொரு பல்லு, அதுதான் ஆக லேசான கியர், அதிலை போட்டு ஏத்தத்திலை ஏறினீங்களோ? எப்பிடி இருக்குது?”

இந்தக் கேள்வி நல்ல நீளமான கேள்வி. இதை வைத்து அரை மணித்தியாலம் போகலாம். துரைராஜா அவசரமாக ஒரு மலை தேடினார். பெயரில் மலை உள்ள இடம் ஒன்றுதான் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது.

“கீரிமலைக்குப் போனனான். நல்ல ஏத்தம். அசையாமல் ஏறுது.”

றொபின் மெதுவாக, “அப்பா, கீரிமலையிலை மலை எங்கை?”

புவியியலுக்குப் பதினொரு வருடம் பொறுப்பாக இருந்தவர் மனதுக்குள் வரைபடத்தை விரித்தார். “கடற்கரைப் பக்கம்... கொஞ்சம் மேடு.”

“தீர்த்தக் கேணிப் படியிலையோ ஏறினனீங்கள்?”

“இல்லையடா...”

“கமராவைப் போடுங்கோ. ரயரைக் காட்டுங்கோ. இன்னும் கிட்ட.”

புது ரயரில் மெல்லிய றப்பர் மயிர் சிலிர்த்து நிற்கும். இரண்டு மைல் ஓடினால் உதிர்ந்துவிடும். துரைராஜா காட்டிய ரயரில் ஒன்றுகூடக் குறையாமல் நின்றன, அன்று பிறந்த கோழிக்குஞ்சின் மேல்போல.

“ஒருநாளும் ஓடேல்லை, என்ன?”

“ஓடேல்லை.”

“நான் வேலை முடிஞ்சு வந்து ஒவ்வொண்டாய்த் தேடி, ஆரார் ஊருக்குப் போகினமெண்டு கேட்டு, கெஞ்சிக் குடுத்து விட்டனான் அப்பா. பின்னை ஏன் இவ்வளவும் மாத்தினனீங்கள்?”

ஏன் என்று கேட்டால் இலக்கமிட்ட மூன்று பந்தியில் பதில் எழுதக்கூடிய மனிதர் ரயரைக் காட்டிக்கொண்டே நின்றார்.

“சரி. நான் பிறகு எடுக்கிறன்.”

அடுத்த ஞாயிறு ஒன்றரை மணிக்குச் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் போனை வைத்தார். இரண்டு மணிக்குச் சோறு காய்ந்தது. மூன்று மணிக்கு, போன் பழுதோ என்று பார்க்கப் பழைய சைக்கிளில் கடைக்குப் போய்க் காசு ஏற்றும் காட் ஒன்று போட்டார். போனில் பழுதில்லை. நாலு மணிக்கு, காலையில் கூட்டிய கோலை இன்னொருமுறை கூட்டினார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே போனது. ஐம்பத்திரண்டு விநாடிகூட இல்லை. வெய்யிலோ என்று கேட்க ஆளில்லாத வெய்யில் முற்றத்தில் கிடந்தது.

புதன்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு மலைச் சைக்கிளை வெளியே எடுத்தார்.

சீற்றை அமத்தினார். அது மரியாதையாகக் கீழே இறங்கி அவரை ஏற்றிக்கொண்டு மேலே வந்தது. இத்தனை பாகங்களில் அறுபத்தாறு வயது முழங்காலுக்கு உதவியது அது ஒன்றே. அகலமான ஹாண்டில் ஒழுங்கை வேலிகள் இரண்டையும் தொடப் பார்த்தது. அடுத்த வீட்டு நாய் குரைக்க எழும்பி, ஆளை அடையாளம் கண்டு, வாயைத் திறந்தபடி நின்றது.

ஏற்றம் ஒன்று வேண்டும். காங்கேசன்துறை வீதி நெடுக இல்லை. பக்கத்து ஒழுங்கைகளிலும் இல்லை. ரெயில் கடவையில்தான் கண்டார். தண்டவாளத்துக்கு ஏறுவதற்காக வீதி ஒரு நாலடி உயர்ந்திருந்தது. துரைராஜா ஐம்பத்தொரு பல்லில் போட்டார். கால் காற்றாடிபோலச் சுழன்றது. சைக்கிள் மணவறைக்குப் போகும் பெண்ணைப்போல நகர்ந்தது. உச்சிக்கு வந்தபோது வேகமில்லாமல் சாயப் பார்த்து, காலூன்றித் தப்பினார். இறங்கி, திரும்பி, மறுபடி ஏறினார். ஐந்தாம் தரமும் ஏறியபோது கடவைக் காவல்காரர் கொட்டிலிலிருந்து எழும்பி வந்தார்.

“என்ன ஐயா, ஏதும் விழுந்து போச்சே? தேடுறியளோ?”

“இல்லை. ஏத்தத்திலை ஏறிப் பாக்கிறன்.”

“எந்த ஏத்தம்?”

துரைராஜா தான் நின்ற இடத்தைக் காட்டினார். காவல்காரர் அதை இதுவரை அந்தக் கோணத்தில் பார்த்ததில்லை. “உருட்டிக்கொண்டு போனால் இன்னும் கெதியாப் போகலாமே” என்று சொல்லிவிட்டுப் போய் இருந்தார்.

துரைராஜா போனை எடுத்தார். எடுத்துவிட்டுத் தயங்கினார். எங்கள் ஊரில் வெளிநாட்டுக்கு இங்கிருந்து எடுக்கிற வழக்கம் இல்லை. அங்கிருப்பவர்கள்தான் எடுப்பார்கள். ரெலிபோன் காட் வாங்கிச் சுரண்டிய காலத்தில், காசு அவர்களிடம் இருந்ததால் வந்த வழக்கம். இப்போது கதைப்பது இலவசம், ஆனால் வழக்கத்துக்கு அதை யாரும் அறிவிக்கவில்லை. இங்கிருந்து அழைப்புப் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தேவமலர் போன அன்றைக்கு எடுத்ததோடு சரி, துரைராஜா மகனுக்கு எடுத்ததே இல்லை.

இரண்டாம் தரம் மணி அடிக்க முன்னமே றொபின் எடுத்தான்.

“அப்பா? என்ன? என்ன நடந்தது?”

“ஒண்டும் நடக்கேல்லை.”

“ஆசுப்பத்திரியிலையோ நிக்கிறியள்? விழுந்திட்டியளோ? பக்கத்திலை ஆரும் நிண்டால் குடுங்கோ.”

“விழேல்லையடா. ரெயில் கடவையிலை நிக்கிறன். சைக்கிளோடை.”

“பின்னை ஏன் எடுத்தனீங்கள்?”

துரைராஜா சைக்கிளைப் பார்த்தார். “உதிலை ஒரு குறையும் இருக்கேல்லை, றொபின். முதலே இருக்கேல்லை. பிறேக்கிலை கொஞ்சம் தூசி. துணியாலை துடைச்சன், சத்தம் நிண்டிட்டுது. நீ சொல்லிப்போட்டுப் போனை வைச்ச கையோடை.”

“எப்ப?”

“அண்டைக்கே. அந்த முதல் ஞாயிறே.”

றொபினுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் அவனைக் கூப்பிட்டாள். விளங்காத பாஷை, ஆனால் அவசரம் விளங்கியது.

“வேலையோ? நான் வைக்கட்டோ?”

“ஆள் கூப்பிடுது அப்பா. ஒரு அஞ்சு நிமிசம். வையாதேங்கோ. நான் போனை மேசையிலை வைச்சிட்டுப் போறன். வையாதேங்கோ, என்ன?”

போன் மேசையில் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. ஒரு கதிரை இழுபட்டது. யாரோ சிரித்தார்கள். ஏதோ ஒரு மெசின் பேப்பரைத் துப்பிக்கொண்டிருந்தது. ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும் துரைராஜா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டார். அந்தக் குரல்களில் எது தன் மகனுடையது என்று பிடித்துவிட முயன்றார். அந்தப் பாஷையில் அவன் குரல் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

ஐந்து நிமிடம் ஒன்பதானது. காவல்காரர் கடவையை மூட வந்தார்.

“ஐயா, ரெயில் வருது. தள்ளி நில்லுங்கோ. போனைப் பிறகு கதையுங்கோவன்.”

துரைராஜா ஒரு கையால் சைக்கிளை உருட்டி ஓரமாக்கினார். ரெயில் வந்து, மண்ணை அதிரப் பண்ணிக்கொண்டு போனது. அவ்வளவு நேரமும் காதில் ரெயிலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. அது போனதும் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி காதில் வைத்தார்.