எழுத்தின் முதுகு

மதியம் பன்னிரண்டரைக்குக் கலைக்கூடத்தின் பொறுப்பாளர் அம்மா இரண்டு டம்ளர் காபியோடு படியிறங்கி வந்தார். கண்காட்சிக்காகப் பெயிண்டர் ஒரு வரி எழுதியிருந்த கண்ணாடித் தடுப்பைப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். பிறகு மறுபக்கம்.

"ஏன் பெயிண்டர், எழுத்தெல்லாம் திரும்பிக்கிட்டு நிக்குது?"

பெயிண்டர் பிரஷ்ஷும் கையுமாக நின்றான். கேட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

கடைக் கண்ணாடியில் எழுதுகிறவர்கள் உள்ளே நின்றுதான் எழுதுவார்கள். வெளியே எழுதினால் மழை கழுவும், போகிறவன் வருகிறவன் நகத்தால் சுரண்டுவான். உள்ளே நின்று எழுத்தை இடம்வலமாகத் திருப்பி எழுதினால் தெருவிலிருந்து நேராகத் தெரியும். வேலையின் வரிசையும் தலைகீழ். கடைசியில் வைக்க வேண்டிய வெள்ளைக் கீற்றை முதலில் வைக்க வேண்டும். அதன்மேல் சிவப்பு, பிறகு நிழல், எல்லாவற்றையும் மூடி ஒரு சாம்பல் பூச்சு. உள்ளேயிருந்து பார்த்தால் கண்கொண்டு பார்க்க முடியாது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கடைக்காரரைத் தவிர யாரும் பார்க்கப்போவதும் இல்லை.

அந்தப் பழக்கத்தில்தான் எழுதியிருந்தான். ஆனால் இங்கே ஜனங்கள் வந்து நிற்கப்போவது அவன் நின்ற பக்கத்தில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது சாமான் அறை. உடைந்த நாற்காலிகள், ஒரு ஏணி, வாளியில் சாய்ந்த துடைப்பம். 'இங்கே நின்றவர்கள் யார்' என்ற வரியை நேராகப் படிக்கக்கூடியது அந்தத் துடைப்பம் ஒன்றுதான்.

காலையில் அவன் மனைவி கேட்கத்தான் செய்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவனோடு வேலைக்கு வருகிறவள். கோடு போடுவது, எழுத்துக்கு எழுத்து இடம் பிரிப்பது எல்லாம் அவள்தான். மெழுகுப் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏங்க, ஆளுங்க எந்தப் பக்கம் நிப்பாங்க?" என்றாள்.

"கண்ணாடின்னா உள்ள நின்னுதான் எழுதணும். இதுகூடத் தெரியாமயா இத்தனை வருஷம் என்கூட குப்பை கொட்டுன?"

அவள் கோடு போட்டாள்.

இப்போது அதே வாய் வேறு பேசியது.

"இவதாம்மா! இவதான் இந்தப் பக்கம்னு கோடு போட்டுக் குடுத்தா." மனைவியின் பக்கம் திரும்பினான். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? பெரிய எடத்துக்குக் கூட்டிட்டு வந்தா இப்படியா மானத்தை வாங்குவ?"

அவள் அவனைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். டப்பாவிலிருந்து பிளேடை எடுத்து முதல் எழுத்தின் ஓரத்தில் வைத்தாள். பாதி காய்ந்த சாயம் சுருண்டு வந்தது.

"விடுங்க பெயிண்டர், திட்டாதீங்க. நாளைக்கு சாயங்காலம்தானே திறப்பு, மாத்திக்கலாம்," என்றார் அம்மா.

"யாரும் தொடாதீங்க!"

படியில் கண்காட்சி அமைப்பாளர் நின்றிருந்தார். மடமடவென்று இறங்கி வந்து, மூக்கு படுகிற தூரத்தில் கண்ணாடியைப் பார்த்தார். சாம்பல் பூச்சை, அதில் பிரஷ் இழுத்த தடங்களை, விளிம்பில் பிசிறிய சிவப்பை.

"எழுத்தோட முகத்தைத்தான் எல்லாரும் காட்டுவாங்க. நீங்க முதுகைக் காட்டிட்டீங்களே!" பெயிண்டர் பக்கம் திரும்பினார். "வேணும்னுதானே செஞ்சீங்க?"

இல்ல சார், தப்பு நடந்துபோச்சு. நாக்கு நுனி வரை வந்தது.

"ஆமா சார்," என்றான் பெயிண்டர்.

பொறுப்பாளர் அம்மா அவனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார். மனைவி பிளேடைத் துணியில் துடைத்து டப்பாவில் போட்டாள். காபி ஆறிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரி அவள் எப்போதும் போல அவனுக்குச் சோறு போட்டாள். கோபமாகக்கூட இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், இறங்கவில்லை.

திறப்பு விழாவில் நல்ல கூட்டம். ஒரு பெரியவர் அந்த வரியின் முன்னால் நின்று, "இதைப் படிக்க வீட்லேர்ந்து முகம் பாக்குற கண்ணாடி எடுத்துட்டு வந்திருக்கணும் போல," என்றார். சிரிப்பு எழுந்தது. போனை நீட்டிக்கொண்டு ஒரு பெண் பெயிண்டரிடம் வந்தாள்.

"சார், பின்பக்கத்தைக் காட்டணும்னு உங்களுக்கு எப்போ தோணுச்சு?"

"ரொம்ப நாளாவே மனசுல கெடந்ததும்மா."

சொல்லும்போதே காது மடல் சுட்டது. இரண்டடி தள்ளி பொறுப்பாளர் அம்மா. எல்லாம் கேட்டிருப்பார். அவர் பின்னால் திரும்பி, சுவரோரம் நின்ற மனைவியின் கையைப் பிடித்து முன்னால் அழைத்து வந்தார்.

"இவங்களும் சேர்ந்து செஞ்சதுதான் இது. இவங்ககிட்டயும் கேளுங்க."

போன் அவள் பக்கம் திரும்பியது. "நீங்க என்ன செஞ்சீங்க மேடம்?"

"கோடு போட்டேன்."

"ஐடியா யாரோடது?"

பெயிண்டர் மனைவியைப் பார்த்தான். அவள் உண்மையைச் சொல்லிவிடட்டும் என்று ஒரு நொடி ஆசைப்பட்டான். அடுத்த நொடியே, சொல்லிவிடக் கூடாதே என்று கண்ணால் கெஞ்சினான். அதையும் அவள் பார்த்துவிட்டாள்.

"எல்லாம் அவரோடதுதான். எந்தப் பக்கம் நின்னு எழுதணும்னு நேத்து காலையிலயே தெளிவா சொல்லிட்டாரு."

கை தட்டினார்கள். ஒவ்வொரு தட்டலும் அவன் கன்னத்தில் விழுந்தது. பொறுப்பாளர் அம்மா மட்டும் தட்டவில்லை.

அமைப்பாளர் அவன் தோளில் கைபோட்டார். "அடுத்த மாசம் வேற ஊர்ல ஒரு கூடம். இதேதான் வேணும். இதே முதுகு. அவங்களையும் கூட்டிட்டு வந்துடுங்க, என்ன?" பெயிண்டர் தலையாட்டினான். இரண்டு நாளாக அவன் தலை ஒரே மாதிரிதான் ஆடியது.

மனைவி கூட்டத்தில் இல்லை. தேடிக்கொண்டு போனான். சாமான் அறையில் நின்றிருந்தாள், துடைப்பத்துக்குப் பக்கத்தில். அங்கிருந்து பார்க்கையில் வரி நேராக இருந்தது. சிவப்பு, அதில் ஈரம் போல ஒரு வெள்ளைக் கீற்று, கூரான நிழல். எழுத்துக்கு எழுத்து இடம் அளந்து வைத்தது போல் இருந்தது. அவன் வாழ்க்கையில் செய்த நல்ல வேலைகளில் ஒன்று. எழுத்துகளின் இடைவெளியில் ஜனங்களின் முகங்கள் தெரிந்தன. சிலர் படமெடுத்தார்கள். அந்தப் படங்களில் தன் முகமும் விழும் என்று பட்டதும் ஏணிக்குப் பின்னால் ஒதுங்கினான்.

என்னை மன்னிச்சிடு என்று சொல்லத்தான் வந்தான்.

"அடுத்த மாசம் வேற ஊர்ல கூப்பிட்டிருக்காங்க," என்றான். "இதே மாதிரி எழுதணுமாம். நீயும் வரணுமாம்."

அவள் பிரஷ்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி டப்பாவில் வைத்தாள். மூடியை அழுத்தினாள்.

"வர்றேன். ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடுங்க. அங்கயும் மொதல்ல என்னை நாலு பேர் முன்னாடி திட்டிட்டுதான் ஆரம்பிக்கணுமா, இல்ல நேரா எழுத உக்காந்துடலாமா?"